நாராயணம்மா பேரில் ஒரு லைசென்ஸ்

நாராயணம்மாவின் ஊர் அத்திப்பள்ளியைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கர்நாடகத்துக் கிராமம். வேலை பார்த்தது ஓசூரில். காலையில் பஸ் ஏறினால் ஜூஜுவாடி சோதனைச்சாவடியில் லாரிகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நிற்கும். பஸ் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடும். மாநிலம் விட்டு மாநிலம் போகிறோம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், வேலைக்குப் போன இடத்தில் தமிழ் என்று மூன்றும் அவள் வாயில் புழங்கின.

புருஷன் இறந்தபின் பிறந்த ஊருக்கே வந்து, காலனியில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தாள். ஒரே மகள் ரூபாவை வேப்பனப்பள்ளியில் கட்டிக்கொடுத்திருந்தாள். பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டங்களில் பல வருஷம் கூலி வேலை. மருந்தடித்த செடிகளைத் தொட்டுத் தொட்டு உள்ளங்கை வெடித்துப்போனது. அந்தக் கையோடு ஓசூர் சிப்காட் அருகே இருந்த பார்வதி மெஸ்ஸில் போய் வேலை கேட்டாள்.

பார்வதி சாத்தூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் பெரியதம்பிக்கு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து ஓசூருக்கு வந்தவர்கள். கல்யாணம் ஆகாத தொழிலாளிப் பையன்களுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்து, அதுவே மெஸ்ஸாகிவிட்டது. வேலை கேட்டு வந்தவளின் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கையோடு பாத்திரம் தேய்க்க வேண்டாம், அடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னாள் பார்வதி. சமைக்கக் கூப்பிடுவார்கள் என்று நாராயணம்மா எதிர்பார்க்கவே இல்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தாள். பார்வதி காதில் வாங்கிக்கொள்ளாமல் அரிசி களையச் சொன்னாள்.

2005 வாக்கில் நாராயணம்மாவின் ஊருக்கு அருகிலேயே இரண்டு கம்பெனிகள் வந்தன. ஷிப்டு முடிந்து வெளியே வருகிற ஆட்களுக்கு டீயும் பன்னும்தான் கிடைத்தது. ஊரில் பெரிய சாலையை ஒட்டி ஒரு அறை காலியாகக் கிடக்கிறது, அங்கே ஒரு மெஸ் போட்டால் ஓடும் என்று நாராயணம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னாள். பார்வதி வந்து பார்த்தாள். பிடித்துப்போயிற்று. வாடகை பேசி, பாத்திரம் பண்டம் வாங்கி, ஓசூரில் எப்படித் தொடங்கினாளோ அப்படியே தொடங்கிவிட்டாள். ஓசூரில் அவள் கடை திறந்த பிறகுதான் நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார். உரிமம் எடுக்கச் சொல்லி அவகாசம் கொடுத்தார். அவளும் எடுத்தாள். ஒரே நாட்டில் அடுத்த ஊரில் வேறு மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மத்தியானச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் பஞ்சாயத்துச் செயலாளர் ஆஞ்சப்பன் இன்னொரு ஆளோடு வந்தார். கன்னடத்தில் கேட்டார். பார்வதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஓசூர் நகராட்சி லைசென்ஸின் நகலை லேமினேட் செய்து வைத்திருந்தாள். அதை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்தக் காகிதம் ஜூஜுவாடி வரைக்கும்தான் செல்லும், அதற்கு மேல் வராது என்றார். இங்கே பஞ்சாயத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் கடை திறக்கலாம். வாசலில் தொங்குகிற தமிழ் போர்டும் கூடாது, கன்னடம்தான் பெரிதாக இருக்க வேண்டும். கடையைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

பஞ்சாயத்து ஆட்கள் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நின்றே பழகியவள் நாராயணம்மா. ஆனால் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஷிப்டு விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவள் முன்னால் வந்து, இவ்வளவு சோற்றையும் மண்ணில் கொட்டச் சொல்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டாள். கேட்ட பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்பது உறைத்தது.

ஆஞ்சப்பன் அடுப்பைப் பார்த்தார். விற்கக் கூடாது என்றுதான் சொன்னேன், பசித்தவனுக்குப் போடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே போட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஆட்கள் தங்கள் தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள். ஒரு ஒரியாப் பையன் பெரிய அண்டாவை வெளியே இழுத்துப்போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு கதவைச் சாத்தினார்கள். பார்வதி பேசாமல் பஸ் ஏறினாள்.

அந்தப் பேசாமைதான் நாராயணம்மாவை வாட்டியது. இடத்தைக் காட்டியது அவள். பஞ்சாயத்தில் கேட்க வேண்டும் என்று தெரியாமல் போனதும் அவளுக்குத்தான். மறுநாள் ஓசூர் மெஸ்ஸுக்குப் போகும்போது, கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்துக்கொண்டு போனாள். பார்வதி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி, மொகத்தத் தொங்கப் போட்டுட்டு வார? நேத்து நீ மட்டும் வாயத் தொறக்கலன்னா அம்புட்டுச் சோறும் நாய்க்குத்தான் போயிருக்கும். அந்த ஆபீசுக்கு ஒருநா போவோம். நீயும் வா. எனக்கு அந்தப் பேச்சு வராதுல்ல" என்றாள்.

நாராயணம்மா அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஞ்சாயத்து ஆபீசில் ஆஞ்சப்பன் உட்காரச் சொன்னார். என்னென்ன வேண்டும் என்று நிதானமாகவே எடுத்துச் சொன்னார். கழிவுநீருக்குக் குழி வெட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம் ஓசூரில் வாங்கிய முத்திரைத்தாளில் எழுதியிருந்தார்கள், அது இங்கே ஆகாது, இந்த மாநிலத்து முத்திரை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, விண்ணப்பம் போடுகிறவர் இந்தப் பஞ்சாயத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பது அந்த ஆபீசில் வழக்கமாக இருந்தது. பார்வதியின் ரேஷன் கார்டு ஓசூர். ஓட்டும் ஓசூர்.

நாராயணம்மா இதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். கடைசி விஷயத்தைச் சொன்னதும் பார்வதி எழுந்துவிட்டாள். அப்போது ஆஞ்சப்பன் நாராயணம்மாவைக் காட்டி, இந்தம்மா வருஷம் தவறாமல் வீட்டு வரி கட்டுகிறவர், இவர் பேரில் கொடுத்தால் இன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அதைத் தமிழில் சொல்ல நாராயணம்மாவுக்கு நா எழவில்லை. பார்வதியே, என்ன சொல்றாரு என்று மறுபடி மறுபடி கேட்டபின்தான் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி காலனிக்குப் போய்விட்டது. அண்ணன் வெங்கடப்பன் வந்து உட்கார்ந்தான். கெட்டவன் இல்லை, காலம் முழுக்க அடுத்தவன் நிலத்தில் உழைத்தே முதுகு வளைந்தவன். பேர் உன்னுடையது என்றால் கடையும் உன்னுடையதுதானே என்றான். அந்தத் தமிழம்மாவுக்கு இங்கே என்ன பிடி இருக்கிறது? லைசென்ஸ் வந்ததும் நீயே நடத்து, நான் ஆள் பிடித்துத் தருகிறேன் என்றான். நம் வீட்டில் எவருக்காவது இப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறதா என்று கேட்டான். நாராயணம்மாவால் அவனைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் வெடித்த கையைப் புரட்டிப் பார்த்த அந்த முதல் நாள்தான் அவளுக்கு நினைவில் வந்துகொண்டே இருந்தது.

காலையில் ஓசூருக்குப் போனதும் முதல் வேலையாக, அண்ணன் சொன்னதை மறைக்காமல் பார்வதியிடம் சொல்லிவிட்டாள்.

"என் பேரு வாணாங்க்கா. நாளைக்கு எங்க ஆளுங்க எதுனா சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம். வேற யாருனா பாருங்க" என்றாள்.

பார்வதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒங்கண்ணன் சொன்னது பாதி நெசந்தான். பேரு ஒன்னுது, காசு என்னுதுன்னு வச்சா நான் ஒன்னைய ஏமாத்துனதாத்தான் அர்த்தம். பங்கு போட்டுக்குவோம். பாதிப் பாதி."

"எங்கிட்டப் பங்கு போட இன்னா இருக்குது? நான் கூலிக்கு வர்றவ."

"ஒம் பேரு இருக்கு, ஒம் பேச்சு இருக்கு. அந்தப் பக்கம் எனக்கு ரெண்டுமே கெடையாது. பொறவு என்ன?"

பார்வதி மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள். விஷயம் முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஓசூர் வக்கீல் பாஸ்கரனிடம் போனார்கள். கூட்டு ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக் காட்டிய அவர், இது அந்தப் பக்கம் செல்லுபடியாக வேண்டுமானால் ஆனேக்கல்லுக்குப் போய்க் கன்னடத்தில் எழுதி அங்கேயே முத்திரை போடுங்கள் என்று தனக்குத் தெரிந்தவரிடம் அனுப்பினார். தன் கட்டணத்தை வாங்க மறுத்துவிட்டார். உங்கள் புளிக்குழம்பைச் சாப்பிட்டுத்தான் நான் இந்த ஊரில் தொழிலே தொடங்கினேன் என்றார். ஆனேக்கல்லில் எழுதியதை இருவருக்கும் படித்துக் காட்டினார்கள். நாராயணம்மா கன்னடத்தில் கேட்டுப் பார்வதிக்குத் தமிழில் சொன்னாள். எப்போதோ இரவுப் பள்ளியில் கற்றுக்கொண்ட கையெழுத்தை எழுத்து எழுத்தாக இட்டாள்.

போர்டு எழுத ஆளைக் கூப்பிட்டபோது இன்னொரு சிக்கல் வந்தது. லைசென்ஸில் என்ன பேரோ அதுவே போர்டில் இருக்கட்டும் என்றாள் பார்வதி. நாராயணம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஊருக்குள்ள எங்க கையால வாங்கிச் சாப்புட மாட்டாங்கக்கா. உள்ள நான் ஆக்கறது வெளிய தெரியாது. பேரப் போட்டா தெரிஞ்சிபோயிடும்."

பார்வதி பலகையை எழுதுகிறவன் பக்கம் தள்ளினாள்.

"தெரியட்டும்" என்றாள்.

கன்னடத்தில் பெரிதாக நாராயணம்மா மெஸ் என்று எழுதி, கீழே சின்னதாகத் தமிழிலும் எழுதினார்கள். குழி வெட்டியாயிற்று. லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே கடை திறந்தது. கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் எதிர்க் கடை வாசலில் நின்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. நாராயணம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை செய்தாள்.

மத்தியானம் ஆஞ்சப்பன் வந்தார். குழியைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், போர்டைப் படித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். போகப்போகிறார் என்று நினைத்தால், வாசலுக்கு நேரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ராகி முத்தே இருக்கிறதா என்று கேட்டார். நாராயணம்மா ராகிக் களியை உருட்டித் தட்டில் வைத்து, பார்வதியின் புளிக்குழம்பை ஊற்றினாள். குழம்பு கொஞ்சம் தட்டு விளிம்பில் வழிந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினார். கை கழுவி, மற்றவர்களைப் போலவே காசு கொடுத்துவிட்டுப் போனார். எதிரே நின்றவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றைக்கே ஊர் மாறிவிடவில்லை. சிலர் கடைசிவரைக்கும் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் எதிர்க் கடைக்காரரே ஒரு தட்டு வாங்கிப் போனார், அவருக்குப் பின்னால் வேறு சிலர் வந்தார்கள்.

ஆஞ்சப்பன் ஏன் அப்படிச் செய்தார் என்று நாராயணம்மா கேட்டதில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் மாற்றலாகிப் போனபோது வீடு தேடிப் போய்ப் பூவும் பழமும் கொடுத்துவிட்டு வந்தாள்.

2008 முடிவில் ஓசூரில் தொழில் மந்தமானது. வண்டி விற்பனை குறைந்ததால் கம்பெனிகள் ஒப்பந்த ஆட்களை நிறுத்தின. பெரியதம்பிக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருந்தது. பையன்கள் அறைகளைக் காலி செய்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பார்வதி மெஸ்ஸைச் சில மாதம் மூடியே வைக்க வேண்டியதாயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கமும் அடி விழுந்தது, ஆனால் அங்கே ஒரு கம்பெனி தையல் கம்பெனி. அது நிற்கவில்லை. அந்த மாதங்களில் இரண்டு வீட்டையும் நாராயணம்மா மெஸ்தான் காப்பாற்றியது. பார்வதி தினமும் பஸ் ஏறி அங்கே வந்தாள். யார் முதலாளி யார் ஆள் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த அம்மா சும்மா பேருக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தால் இன்றைக்கு நாமெல்லாம் எங்கே இருந்திருப்போம் என்று வெங்கடப்பனே தங்கையிடம் சொன்னான். மூட்டை இறக்க அவன்தான் தினமும் வந்துகொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் வேலைகள் திரும்பியதும் ஓசூர் மெஸ்ஸைத் திறக்க ஏற்பாடு நடந்தது. இந்த முறை அதிலும் நாராயணம்மா பங்கு சேர வேண்டும் என்று பார்வதி சொன்னாள். நாராயணம்மாவுக்குச் செல்லியின் நினைப்பு வந்தது. ஓசூர் மெஸ்ஸில் ஆரம்பத்திலிருந்து பாத்திரம் தேய்த்து வந்தவள் செல்லி. சாமல்பட்டியிலிருந்து பிழைக்க வந்து, மெஸ் மூடியதிலிருந்து கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் சுமப்பவள். நாராயணம்மா அடுப்படிக்கு வந்த நாளில், முகம் சுளிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளும் அவள்தான்.

"எனக்கு ஒன்னு போதுங்க்கா. அங்க செல்லியச் சேத்துக்கோங்க. அவ கையும் நல்ல கைதான்" என்றாள்.

பார்வதி சிரித்தாள். அவளிடம் நீயே போய்ச் சொல் என்றாள்.

நாராயணம்மா அன்று மத்தியான வேலை முடிந்ததும், செல்லி செங்கல் சுமக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு, ஓசூர் பஸ்ஸில் ஏறினாள்.