கொய்யாக் கட்டைக் கைப்பிடி

பிள்ளைகளே, நேற்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்தீர்கள். நம் பட்டறைக் கடைக்குப் புது மில்லிங் மெஷின் வாங்குவதா, பட்டர்வொர்த்தில் பார்த்துவிட்டு வந்த பழையதை எடுப்பதா என்று. பெரியவன் புதுசுதான் என்று நின்றான். சின்னவன், "பழசுன்னா என்னண்ணே? கைப்பிடிய ஒரு விரலால தள்ளினா ஓடுது லா" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கப்பா, பழசு வாங்கலாமா?" என்று கேட்டான்.

நான் கை கழுவ எழுந்துவிட்டேன். கை கழுவ இத்தனை நேரமா என்று உங்கள் அம்மா பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சின்னவன் சட்டையில் அந்தப் பழைய மெஷினின் வாடை அடித்தது. கைப்பிடி என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அதனால் எழுதுகிறேன். எனக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்துப் படிப்புதான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் சுங்கைப்பட்டாணியில் சாமிக்கண்ணு அண்ணன் கடையில் வேலை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கடையில் மெஷின் எண்ணெய் வாடை இருக்காது, தேங்காய் எண்ணெய் வாசம்தான். கப்பல் வராததால் மெஷின் எண்ணெய் இல்லை. இரும்பைச் சீவும்போது சூடு தணிய தேங்காய் எண்ணெயை விடுவோம். பலகாரம் சுடுகிறோமோ என்று தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். வீட்டில் மரவள்ளிக்கிழங்கை வெறும் உப்பில் அவித்துத் தின்றுவிட்டு வந்து, மெஷினுக்கு எண்ணெய் வார்ப்போம். யாரும் பார்க்காதபோது நான் விரலை நக்கியதும் உண்டு. இரும்புத் தூள் நாக்கில் குத்தும்.

சாமிக்கண்ணு அண்ணன் சண்டைக்கு முன்னாலேயே புது மில்லிங் மெஷின் வாங்க ஆசைப்பட்டவர். அதன் படத்தைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். ஊதுவத்தி காட்டும்போது இரண்டுக்கும் சேர்த்தே காட்டுவார். "புதுசு வரும்டா, வரும்" என்பார். வந்தது ஜப்பான்காரன். கரி போட்டு ஓட்டும் லாரிகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பல் சக்கரம் வெட்டித் தரச் சொல்லிக் கடைக்கு ஆள் மேல் ஆள் வந்தார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரு கடைசல் மெஷினும் நிறைய அரமும். மில்லிங் மெஷினில் வெட்டும் சக்கரம் ஓரிடத்தில் நின்று சுழலும், இரும்பைப் பிடித்திருக்கும் மேசை கைப்பிடியைச் சுற்றச் சுற்ற நகரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் அம்மா படித்தால் அவளுக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன்.

அப்படி ஒரு மெஷினை என் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். உங்கள் பெரியப்பா. பாடாங் மேஹா பக்கம் ஓர் எஸ்டேட்டில், ரப்பர் ஆலைக்கான பட்டறையில். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் அம்மா என்னோடு டவுனில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை அண்ணன் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அவருக்கு இடது கைப் பழக்கம். மேசைக் கைப்பிடியின் குமிழ் உடைந்துபோனபோது மாற்றுக்கு எங்கே போவது? லயத்து வீடுகளுக்குப் பின்னால் நின்ற கொய்யா மரத்தில் ஒரு கிளையை வெட்டி, நிழலில் காயவைத்து, தானே செதுக்கி மாட்டிவிட்டார். தன் தடித்த இடது பெருவிரல் பதிவதற்கு அதில் ஒரு குழியும் தோண்டியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது என்னைச் சுற்றச் சொன்னார். என் விரல் அந்தக் குழியில் நிற்காமல் வழுக்கியது. "ஒனக்குப் பொருந்தாதுடா. இது எனக்குன்னு அளவெடுத்துத் தச்ச சட்ட" என்று சிரித்தார்.

அந்த நாட்களில்தான் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டு போனான். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராது. லயத்துக்கு லயம் ஆண்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆனால் மெஷின் ஓட்டுகிறவனைத் தொடமாட்டார்கள் என்று ஒரு பேச்சு எஸ்டேட் முழுவதும் இருந்தது. பெண் கொடுப்பவர்கள்கூட மாப்பிள்ளை பால் வெட்டுக்காரனா, மெஷின்காரனா என்று விசாரித்தார்கள். அண்ணனும் அம்மாவிடம் அதையே சொல்வார். "என்னைய ஏத்திக்கிட்டுப் போனா இந்த மெஷின எவன் ஓட்டுவான்? ஜப்பான்காரனா ஓட்டுவான்? நீ கெழங்க சாப்புடும்மா, ஆறிப்போவுது." அம்மா நம்பினார். நானும் நம்பினேன். எங்கள் வீட்டு நிம்மதியெல்லாம் அந்த இரும்பின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் பழைய இரும்பு வியாபாரி கரி லாரியில் ஒரு மெஷினோடு கடை வாசலில் வந்து நின்றார். சீனர். எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றித் தமிழ் பழகியவர். முதலாளி என்ற மரியாதையில் எல்லாருக்கும் அவர் தவுக்கே. சாமிக்கண்ணு அண்ணன் சந்தோஷத்தை மறைக்க முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னா தவுக்கே, உன் தாத்தா காலத்து மெஷினா?"

"பழசு நல்லது லா. புதுசு வேணும்னா நீ தோக்கியோ போ" என்றார் தவுக்கே.

சாமிக்கண்ணு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "ஏறிப் பாருடா. உள்ள திருகு தேஞ்சிருக்கான்னு பாரு."

பழைய மெஷினை இப்படித்தான் பார்க்கவேண்டும். கைப்பிடியைச் சுற்றியதும் மேசை நகர்ந்தால் நல்லது. கை கொஞ்சம் சும்மா சுற்றிய பிறகு நகர்ந்தால் திருகு தேய்ந்திருக்கிறது. கண் மேசையில் இருக்கவேண்டும். நானும் மேசையைப் பார்த்தபடியே கைப்பிடியைப் பிடித்தேன். இரும்பின் குளிர்ச்சி இல்லை. மரம். என் பெருவிரல் ஒரு குழியில் இறங்கி, நிற்காமல் வழுக்கியது.

நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.  

"இது எங்கேருந்து வருது தவுக்கே?" என்று கேட்டேன்.

"பாடாங் மேஹா பக்கம் லா, எஸ்டேட்டு. பேக்டரி மூடியாச்சி. ரப்பர் யார் வாங்கறா?"

"இத ஓட்டுன ஆளு?"

அவர் கெட்டவர் இல்லை. யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "ஆளு எல்லாம் சயாம் போச்சி லா. அன்னிக்கி ரெண்டு லோரி வந்துச்சி. ஒரு லோரி மெஷினு, ஒரு லோரி ஆளு."

மெஷின் இருக்கும்வரைதான் என் அண்ணன் மெஷின்காரர். அதைத் தூக்கிவிட்டால் அவரும் மண் சுமக்கிற ஓர் ஆள். இது ஏன் எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை? எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்றும் எனக்கு விளங்கவில்லை.

சாமிக்கண்ணு அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, திருகு போச்சா?" என்றார்.

"கொஞ்சம் தேஞ்சிருக்கு. எடுங்கண்ணே" என்றேன். என் அண்ணன் திரும்பி வந்தால் ஓட்ட ஒரு மெஷின் வேண்டுமே என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அண்ணன் ஓட்டுன மெஷின் எங்க கடைக்கு வந்திருச்சும்மா" என்று ஆரம்பித்தேன். கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்ப அவனும் இங்கயே வந்துருவான்ல?"

மெஷின் எங்கேயோ அங்கேதான் ஆள். அம்மாவின் கணக்கு அது. அதற்கு மேல் நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத என்னால் முடியவில்லை.

அண்ணன் வரவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து பிழைத்து வந்தவர்களையெல்லாம் விசாரித்தேன். இடதுகைக்காரர் ஒருவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அப்புறம் அவருக்கே நிச்சயமில்லை. அந்த மெஷினை நான்தான் ஓட்டினேன். குழியில் என் விரல் கடைசிவரை நிற்கவே இல்லை. பிறகு கப்பல் வந்தது, சாமிக்கண்ணு அண்ணனின் புது மெஷினும் வந்தது. நான் மலேரியாவில் படுத்திருந்த வாரத்தில் பழையதைக் குமிழோடு யாருக்கோ விற்றுவிட்டார். அது என் அண்ணன் ஓட்டியது என்று அவருக்குத் தெரியாது, நான் சொன்னதே இல்லை. அன்றிலிருந்து எங்கே பழைய மெஷினைக் கண்டாலும் என் கை முதலில் கைப்பிடிக்குத்தான் போகும். பாடாங் மேஹாவில் அந்தப் பட்டறை இருந்த இடம் முழுக்க இப்போது செம்பனைத் தோட்டம். லயமும் இல்லை, கொய்யா மரமும் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பழசையே வாங்குங்கள், நல்ல இரும்பு. திருகைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே இதை ஓட்டியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார் என்று சொன்னால் எனக்கு வந்து சொல்லுங்கள்.

இன்று காலை நீங்கள் எல்லாரும் வெளியே போன பிறகு, கொல்லையில் இருக்கும் கொய்யா மரத்தில் கைப் பருமனுள்ள ஒரு கிளையை வெட்டினேன். பட்டையைச் சீவி, வெயில் படாத இடமாகப் பார்த்து, கொட்டகைச் சட்டத்தின் மேல் வைத்திருக்கிறேன். காய நாளாகும். யாரும் எடுத்துவிட வேண்டாம்.