மேடத்தின் பொடியில் நான் போட்ட திருநீறு

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். முருகன் படத்துக்கு முன்னால் சொல்லி அழுதாயிற்று. சொல்ல வேண்டியவரிடம் சொல்லத்தான் வருடங்கள் ஆயின.

திருவனந்தபுரத்தில் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் உதவியாளாக இருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்பு. என் மேலதிகாரி திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் மேடம். மாலிப்டினம் என்ற உலோகம் எந்த நெருப்பையும் தாங்கும், ஆறிய பின் அடி விழுந்தால் படக்கென்று முறியும். ரீனியம் என்ற இன்னோர் உலோகத்தைக் கலந்தால் முறியாமல் வளைந்து கொடுக்கும். மற்றவர்கள் கலப்பதில் பாதியே போதும் என்பது மேடத்தின் கணக்கு, ஆறு வருட உழைப்பு. ரீனியம் லேசில் கிடைக்காது. இரண்டின் பொடியையும் கலந்து உலையில் சுட்டுக் கம்பியாக்க வேண்டும்; ஒரே ஒரு கம்பிக்குத்தான் பொடி இருந்தது.

உலையில் வைக்கும் அன்று காலை அவர் பொடியைத் திரும்பத் திரும்ப எடைபோடுவதைப் பார்த்தேன். அவர் வெளியே போன நேரத்தில், மடியில் இருந்த கோயில் திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து, "முருகா, நீதான் பாத்துக்கணும்" என்று பொடியில் தூவிக் கலக்கிவிட்டேன்.

சோதனையில் சம்மட்டி விழுந்ததும் கம்பி இரண்டாயிற்று.

"அண்ணாச்சி, பப்படம் பொடிஞ்ச மாதிரியல்லே!" என்று மலையாளியான உலைக்காரர் சிரித்தார். மேடம் முறிந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பொடியில வேற ஏதாச்சும் விழுந்துச்சா அண்ணாச்சி? துளி சாம்பல் பட்டாக்கூட இது நொறுங்கிரும். சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "சாமி சத்தியமா இல்ல மேடம்" என்றேன். நெற்றியில் அதே திருநீறு இருந்தது.

நம்பிவிட்டார். கணக்கில் பிழை, அது தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஆராய்ச்சியை மூடிவிட்டார்கள்.

போன மாதம் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. "எங்க தப்பு பண்ணினேன்னு இன்னும் கணக்கைப் போட்டுப் பாக்கேன் அண்ணாச்சி" என்றார். அங்கேயே, கூட்டத்தின் நடுவில், சொல்லிவிட்டேன்.

முழுவதையும் கேட்டார். பிறகு, "எழுதுங்க. திருநீறை மட்டும் எழுதாதீங்க. நான் கேட்டதையும் எழுதுங்க" என்று சொல்லி, என் முகத்தைப் பாராமல் பஸ் ஏறினார்.

எழுதிவிட்டேன். படிப்பவர்கள் யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். பக்தியில் செய்துவிட்டான், பாவம் என்று எனக்காக ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன்.