ரேடியோவுக்குச் சளி

புதூர்நாட்டில் நான் வாத்தியாராக இருந்தபோது பஞ்சாயத்து ரேடியோவும் என் பொறுப்புதான். மின்சாரம் இல்லாத மலை. பேட்டரிதான் அதற்கு உயிர். அதை நான் திருட்டுத்தனமாகப் பாட்டுக் கேட்டே தீர்த்துவிட்டேன்.

சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி கேட்க ஊரே கூடிவிட்டது. உண்மையைச் சொல்ல வெட்கம். ரேடியோவை ஜன்னலில் வைத்து, அறைக்குள் அதன் பின்னால் குந்திக்கொண்டு, சாமை விதைப்பு பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் கரகரத்த குரலில் பேசினேன். நடுவில் மூன்று தும்மல் வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தால், பக்கத்து வீட்டுக் குப்பம்மா சூடான மிளகுக் கஷாயத்தை நீட்டினார்.

"சார், ரேடியோல பேசுறவருக்குச் சளி புடிச்சிருக்குது. இத்த அவருக்குக் குடுத்துடுங்க."

"குடுத்துடறேங்க" என்று வாங்கி, உள்ளே போய்க் குடித்தேன்.

புது பேட்டரி வந்த பிறகும், "அவுருக்கு ஒடம்பு தேவலைங்களா?" என்று குப்பம்மா என்னையே பார்த்து விசாரிப்பார்.

என் மானத்தை வாங்க மூன்று தும்மலே போதும். ஊர்க்காரர்களோ, தெரிந்தும், கஷாயம் வைத்தார்கள்.