அக்கா எழுதித் தராத கடிதம்

முதலில் எல்லோரும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத நம் குடும்பத்தில் என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, கிழக்கேகோட்டையில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவன். மற்றவர்கள் எழுதியதை நகல் எடுத்துக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். அக்கா மகள், "மாமா, நீங்கதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லியாக வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது.

அக்கா ஸ்ரீவராகத்தில் ஒரு வாடகை வீட்டில் பிறந்தார். அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து, மலையாளம் பேசும் இந்த ஊரில் ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தவர். அக்கா நர்சிங் முடித்த வருடமே காரைக்கால் சம்பந்தம் வந்தது. அத்தானுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சுக்குப் போனபிறகு அக்காவின் சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அழவில்லை. ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் சேர்ந்தார். நான்கு வருடம் அந்த வேலையைச் செய்துகொண்டே மொழியைப் படித்தார். பரீட்சைகளை முதலிலிருந்து எழுதி, அதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸ் ஆனார்.

அந்த வார்டை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோதுதான் அக்கா முதன்முதலாக மைக் பிடித்தார். இங்கே படிக்கும் காலத்தில், பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பிலேயே பிரசவமாகி, ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையைக் கையில் வாங்கியவர் அக்கா. அதைத்தான் அந்தக் கூட்டத்தில் சொன்னாராம். வார்டு மூடப்படவில்லை. ஊர்க்காரர்கள் அக்காவை நகரசபைக்கு அனுப்பினார்கள்.

அந்த நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பவர் தனக்கு ஒரு மாற்று உறுப்பினரையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். அப்படி மாற்று உறுப்பினராகத்தான் அக்கா முதலில் நின்றார். ஜெயித்தவர் அமைச்சரானதும் இருக்கை அக்காவுக்கு வந்தது. அடுத்த தேர்தலில் அக்காவே வேட்பாளர். ஜெயிப்பது சந்தேகம் என்றார்கள்.

அந்தத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்புதான் நான் போன் செய்தேன். என் மகன் அங்கே படிக்க விண்ணப்பித்து, விசா கிடைக்காமல் இருந்தான்.

"அக்கா, உன் லெட்டர்பேட்ல ஒரு வரி எழுதித் தந்தா போதும்."

"எழுத மாட்டேன்லே."

"ஒரே ஒரு வரி."

"அந்த லெட்டர்பேட் எனக்குச் சொந்தமில்ல, கேட்டியா. அவன் வரிசையில நிக்கட்டும்."

"எம்.பி. அக்கா இருந்தும் ஆகலியான்னு இங்க எல்லாரும் சிரிக்காங்க."

"சிரிக்கட்டும். காரணம் மட்டும் கேக்காதே மக்கா."

மகனுக்கு இரண்டாம் முறையும் விசா கிடைக்கவில்லை. அக்கா ஜெயித்தார். நான் அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா போன் செய்வார். என் மனைவி எடுத்து, "குளிச்சிட்டிருக்காங்க மைனி" என்பாள். ஒருநாள் அக்கா, "ரெண்டு வருசமாவா குளிக்கான்? தோல் உரிஞ்சிரப் போவுது" என்றார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது. ஆனாலும் போனை வாங்கவில்லை.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. முற்றிவிட்டது, நாட்கள்தான் என்றாள் அக்கா மகள். அலுவலக மேசையை ஒழித்தபோது கிடைத்ததாக ஒரு படமும் அனுப்பினாள். அந்தத் தேர்தலில் எதிர்த்தரப்பு விநியோகித்த நோட்டீஸ். அக்காவின் முகம், கீழே நாலு வரி. அர்த்தத்தையும் அவளே எழுதியிருந்தாள்: 'இவருக்கு ஓட்டுப் போட்டால் இவர் குடும்பம் முழுவதும் விமானத்தில் வந்து இறங்கும்.'

கடையில் அதை நகல் எடுத்தேன். அந்தக் குடும்பம் நான்தான்.

அக்காவைப் பார்க்கப் போக அன்றே என் விசாவுக்குக் காகிதங்களைத் தயார் செய்தேன். தம்பானூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஷாஜி, "சேட்டா, சிஸ்டர் எம்.பி. அல்லே? லெட்டர்ல அத முதல் வரியா போடு. வேகம் நடக்கும்" என்றார்.

"வேண்டாம்."

"பின்னே, கிட்டுற நேரத்தில கிட்டும்."

கொச்சியில் விசா மையத்தில் வரிசை நீளம். நோட்டீஸின் நகல் சட்டைப்பையில் இருந்தது. என் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த பெண், "அக்காவுக்கு அங்க எந்தா ஜோலி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். எம்.பி. என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னை உள்ளே கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ.

"நர்ஸ்" என்றேன்.

பதினைந்து நாள் ஆகலாம் என்றாள்.

தினமும் கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டரில் விண்ணப்ப எண்ணை அடித்துப் பார்ப்பேன். 'பரிசீலனையில்' என்றே இருக்கும். நகல் எடுக்க வந்தவர்கள் நிற்பார்கள், நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பதினோராவது நாள் அக்கா மகள் போனை அக்காவின் காதில் வைத்தாள்.

"தம்பியா? குளிச்சாச்சா?"

"ஆச்சு அக்கா."

"விசா?"

"இன்னும் வரல்ல. நீ நர்ஸ்னுதான் சொல்லியிருக்கேன்."

"வரிசையிலயா நின்னே?"

"ஆமா."

"செரி. மெதுவா வா."

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, அக்கா காலமானார்.

விசா அலுவலகத்தார் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நாளுக்குள்தான் வேலையை முடித்தார்கள். நான் வேறு பதில் சொல்லியிருந்தால் அக்காவின் முகத்தைப் பார்த்திருப்பேனா என்பதை ஒரு வருடமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிலும் அக்காவிடம் கடிதம் கேட்டு, கிடைக்காமல் மனம் கசந்தவர்கள் உண்டு. அவர்களுக்காகவே அந்த நோட்டீஸின் நகலைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். தயவுசெய்து பாருங்கள்.

அக்காவைக் கடைசிவரை கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்ட அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கும், நான் போனை எடுக்காத ஞாயிறுகளில் எடுத்துப் பேசிய என் மனைவிக்கும், கொச்சிக்கு என்னோடு துணைக்கு வந்த ஷாஜிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா காலமான மறுநாள், வெள்ளிக்கிழமை, அங்கே அக்காவின் இருக்கை அவரோடு நின்ற மாற்று உறுப்பினருக்குப் போனது. இங்கே மதியம் கூரியர்காரர் கடைக்கு வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பாஸ்போர்ட்டில் விசா இருந்தது.