சாம்பியன் ரீப்ஸுக்குப் போன லைசென்ஸ்

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. பாலுக்கு உண்டு, ரொட்டிக்கு உண்டு, ஷாம்பு கூப்பனுக்கு உண்டு. எனக்கும் உண்டு. எங்கள் வார்டு அலுவலகச் சுவரில் ஒரு பட்டியல் தொங்குகிறது. நர்ஸின் பெயர், எதிரே அவளுடைய லைசென்ஸ் முடியும் நாள். அதற்குள் மாநில நர்சிங் போர்டில் புதுப்பிக்காவிட்டால் மறுநாள் முதல் ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. வேலை போனால் விசாவும் போகும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நேற்று வரை ஊசி போடத் தெரிந்தவளுக்கு இன்று விடிந்ததும் மறந்துவிடும் என்பது அமெரிக்க மருத்துவத்தின் அரிய கண்டுபிடிப்பு போலிருக்கிறது.

கோலார் தங்கவயலில் எனக்கு இந்த வியாதி இருந்ததில்லை. நர்சிங் முடித்துக் கர்நாடகப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே அப்பா அதைப் பங்காருபேட்டைக்கு எடுத்துப்போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, இயேசு படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காபி, அடுத்து அந்தச் சான்றிதழ். அதைப் புதுப்பிக்க வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை. ஆணி அடித்துச் சுவரில் ஏற்றியதைக் காலாவதியாக்க எந்த அரசாங்கத்துக்குத் துணிச்சல் வரும்? மற்ற விஷயங்களுக்கு மைன்ஸ் சங்கு இருந்தது. ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் ஊரே கேட்க ஊதும். காதில் விழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே சங்கு கிடையாது, கடிதம் வரும்.

அந்த வருடம் எனக்குக் கடிதம் வரவில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. அரசாங்கம் தாமதிப்பது நமக்குப் புதிதா என்று பெருந்தன்மையோடு காத்திருந்தேன். பத்து நாள் மிச்சமிருக்கும்போது வார்டு மேலாளர் என் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டாள். அதற்குப் பிறகுதான் போர்டுக்குப் போன் செய்தேன்.

கடிதம் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றாள் அங்கிருந்த பெண். எந்த விலாசத்துக்கு என்று கேட்டேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள்: வீட்டு எண், லைன், சாம்பியன் ரீப்ஸ். கோலார் தங்கவயலில் அப்பா இருக்கும் வீடு அது. முதல் விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி கேட்டிருந்தார்கள். அப்போது நான் மூன்று பெண்களோடு வாடகை அறையில் இருந்தேன். வாடகை அறையை நிரந்தரம் என்று எழுத நம்மில் யாருக்குக் கை வரும்? பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரை எழுதிப் பழகிய விலாசத்தையே முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதை நம்பிவிட்டார்கள். எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்புவது இந்த நாட்டின் பெரிய கோளாறு.

அது என்ன இடம் என்று கேட்டாள். தங்கச் சுரங்கம் என்றேன். தங்கச் சுரங்கம் இருக்கும்போது நர்ஸ் வேலை எதற்கு என்று சிரித்தாள். இப்போது மூடிவிட்டார்கள் என்றதும், என் சொத்து பறிபோன மாதிரி மனமார வருத்தப்பட்டாள். பிறகு விதிமுறைக்கு வந்தாள். கடிதத்தில் உள்ள பத்து இலக்க எண்ணைச் சொன்னால் போனிலேயே புதுப்பித்துவிடலாம். எண் தெரியாவிட்டால் நகல் அனுப்புவார்கள், பதிவில் உள்ள முகவரிக்கு. முகவரியை மாற்றப் படிவம் அனுப்புவார்கள், அது முடிய ஆறு வாரம் ஆகும். எல்லாம் சொல்லி முடித்து, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்று வாழ்த்திப் போனை வைத்தாள்.

ஞாயிறு காலை ஊருக்குப் பேசினேன், அங்கே மாலை. அப்பா முப்பது வருடம் மைன்ஸில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். ஆட்கள் நிற்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டைச் சுரங்கத்தின் ஷாப்ட்டுக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

"அது வந்து ரெண்டு மாசம் ஆவுதும்மா. சீல் போட்ட கவரு, உன் பேருக்கு வந்துது. நான் எப்பிடி பிரிக்கிறது? கிறிஸ்மஸுக்கு நீ வந்தா குடுக்கலாம்னு பைபிள்ல வச்சிக்கிறேன்."

வாரா வாரம் பேசுகிறோமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கத்தினேன். என் பிழைப்பே அந்தக் கவருக்குள் இருக்கிறது, பிரித்து அதிலுள்ள பத்து இலக்க எண்ணை வாசியுங்கள் என்றும் கத்தினேன். அங்கே கவர் கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா முதல் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தினார். அடுத்ததுக்காக நான் காத்திருந்தேன், அவரும் காத்திருந்தார்.

"திருப்பிச் சொல்லும்மா. நீ சொன்னாதான் அடுத்தது."

சுரங்கத்தில் கீழே ஒரு லெவலில், அதாவது ஆழத்துத் தளத்தில் இருந்து மணி அடித்தால், அதே மணியைத் திருப்பி அடித்துச் சரிபார்த்த பிறகுதான் கேஜ் நகரும். ஒரு மணி தப்பினால் உள்ளே நிற்பவர்களின் உயிர் போய்விடும். அப்படியே பத்து எண்களும் ஒவ்வொன்றாகக் கடல் தாண்டி வந்தன. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை ஐந்தே நிமிடத்தில் லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது, எனக்கும் ஊசி போடுவது மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு முகவரி மாற்றும் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். இனிமேல் என் கடிதம் எதுவும் அங்கே வராது என்று சொன்னேன்.

"அதுவும் நல்லதுதாம்மா" என்றார். "இது கம்பெனி வீடுதான? காலி பண்ணச் சொல்லி எனக்கும் ஒரு காயிதம் வந்துக்குது. அதையும் பைபிள்லதான் வச்சிக்கிறேன். உன்கிட்ட எப்பிடி சொல்றதுன்னு இருந்தேன்."

எந்தத் தேதிக்குள் என்று கேட்டேன். படிவத்தில் பழைய முகவரி எழுத வேண்டிய கட்டத்தில் என் பேனா நின்றுகொண்டிருந்தது. அப்பா தேதியைச் சொன்னார். சொல்லிவிட்டு, நான் திருப்பிச் சொல்வதற்காக அங்கே காத்திருந்தார்.