அலமாரியில் இருந்த பாஸ்போர்ட்

தொழிற்சாலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருத்தவைப்பது என் வேலை. முதலாளிகள் சொல்வதை நம்பவே மாட்டேன்.

அன்று மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. பாஸ்போர்ட் வைக்க ஆளுக்கொரு புது லாக்கர். அந்தப் பளபளப்பே என்னை உறுத்தியது. ஒரு நேப்பாளத் தொழிலாளியிடம் திறக்கச் சொன்னேன். அவர் சூப்பர்வைசர் அக்காவின் இடுப்பைப் பார்த்தார். எல்லாச் சாவிகளும் அங்கே தொங்கின.

"என்னக்கா இது?"

"ஓடிட்டா யாரு பொறுப்பு லா? உங்க வீட்டுல வேலைக்காரி இருக்கா பாஸ்? அவ பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

அது பிரிக்பீல்ட்ஸில், என் வீட்டு அலமாரியில் இருந்தது.

மாலையில் அதை எடுத்து, எங்கள் வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ஏன் பாஸ், என்னை ஊருக்கு அனுப்பப் போறீங்களா?" என்று மலாயில் கேட்டாள்.

சந்தேகப்படுவது என் வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.