பாட்டுக்குப் பின்னால் பேசியவர்கள்

என் கணவருக்குக் காது ரொம்ப நுட்பம் என்று பேர். அமெரிக்காவில், சான்டா கிளாராவில், அவரோடு சேர்ந்து கச்சேரி டேப் சேகரித்த கூட்டம் முழுக்க அப்படித்தான் நம்பியது. காது என்னுடையது, பேர் அவருடையது. அது எண்பதுகளின் நடுப்பகுதி. விசா விதிப்படி நான் வேலைக்குப் போகக்கூடாது. கணவருக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்க மட்டும் எந்த விதியும் குறுக்கே வரவில்லை.

அவருக்கு, கறுப்பர்களின் ப்ளூஸ் இசை வாசிக்கும் ஒரு கிடார்காரர் மேல் பைத்தியம். வயதான மனிதர், அமெரிக்காவின் தென்பகுதிக்காரர், எப்போதாவது சான் ஹோசேயில் ஒரு கிளப்பில் வந்து வாசிப்பார். ரசிகர்கள் கோட்டுக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்துவைத்து, காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு போவார்கள். பிறகு ஆளுக்கொரு காப்பி எடுத்து மாற்றிக்கொள்வார்கள். காப்பிக்குக் காப்பி இரைச்சல் கூடும். ஒருவருடைய மெஷின் வேகமாக ஓடும், இன்னொருவருடையது இழுக்கும். ஒரே கச்சேரி இரண்டு டேப்பில் இரண்டு சுருதியில் கேட்கும். எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, நல்ல பாகங்களைப் பொறுக்கி ஒரே டேப்பாக்குவதுதான் இவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைப் பூஜை.

அந்தப் பூஜைக்கு நான் எடுபிடி. சின்ன வயதிலிருந்து முறையாகப் பாட்டு கற்றவள். சுருதி ஒரு இழை நகர்ந்தாலும் எனக்குப் பல் கூசும். சமையலறை மேடையில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு, டெக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகித் திருகி இரண்டு டேப்பையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவேன். இரைச்சலைக் குறைப்பேன். விட்டுப்போன இடத்தை இன்னொரு டேப்பிலிருந்து எடுத்து ஒட்டு தெரியாமல் சேர்ப்பேன். ஞாயிறு மத்தியானம் அவர் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டி, "கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் சரி பண்ணேன்" என்பார். நான் பஜ்ஜித் தட்டோடு பக்கத்தில் நிற்பேன். அந்தக் கிடார்காரர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஒற்றைக் கம்பியை இழுத்தே மனசைப் பிசைந்துவிடுவார்.

ஒரு வருஷம் அந்தக் கிடார்காரர் கச்சேரிக்கு வந்த வாரத்தில்தான் திருச்சியில் என் அப்பா படுக்கையில் விழுந்தார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான பெண்ணிடம் கெட்ட சேதியை நேரே சொல்லக்கூடாது. மாப்பிள்ளையிடம் சொல்லவேண்டும், அவர் பக்குவமாக எடுத்துச் சொல்லுவார். அதனால் அண்ணன் ட்ரங்க் கால் போட்டால் அது என் கணவருடைய ஆபீசுக்குத்தான் போகும். சனிக்கிழமை அவர் கச்சேரிக்குப் போனார். நான்தான் கோட்டுக்குள் மைக் ஒயரைத் தைத்துக் கொடுத்தேன். ஞாயிறு காலையில் ஆபீசில் ஏதோ வேலை என்று போய்விட்டு வந்து, என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "இப்பதான் உங்கண்ணன் பேசினார்" என்றார். ரொம்பப் பக்குவமாகத்தான் சொன்னார். மறுநாள் விமானம் ஏறினேன். நான் திருச்சி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அண்ணன் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றான். அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. அண்ணன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவுமில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷம், கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த, குடுமி போட்ட ஒரு வெள்ளைக்கார ரசிகர் எங்கள் வீட்டுக்கு ஒரு டேப்போடு வந்தார். அதே சனிக்கிழமைக் கச்சேரி, அவர் எடுத்தது. என் கணவருடைய டேப்தான் அந்தக் கச்சேரிக்குச் சிறந்தது என்று பேசிக்கொள்வார்கள். ஒரே குறை, நடுவில் ஒரு மெதுவான பாட்டு பாதிக்கு மேல் இல்லை. கேசட்டைத் திருப்பிப் போடும்போது விட்டுப்போச்சு என்று இவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். குடுமிக்காரரிடம் அந்தப் பாட்டு முழுசாக இருந்தது. "ஆனால் எனக்குப் பின்னால் இரண்டு பேர் ஏதோ பாஷையில் பேசிக்கொண்டே இருந்தார்கள், மகா முரடர்கள், அதை எடுக்க முடியுமா?" என்று கேட்டார். பாட்டின்போது பேசுகிறவர்களைக் கண்டால் என் கணவருக்கும் ஆகாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த முகம் தெரியாத ஆட்களைத் திட்டித் தீர்த்தார்கள். டேப்பைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் என் கையில் கொடுத்துவிட்டு இவர் ஆபீசுக்குப் போனார். நான் பூசி மெழுகி முடிக்கும்வரை எந்த டேப்பையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

பாட்டு முழுசாகத்தான் இருந்தது. பின்னால் பேசிய பாஷை தமிழ்.

முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு குரல் என் கணவருடையது. இன்னொன்று அவர் ஆபீஸ் நண்பருடையது, யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் வீட்டில் பாதி நாள் சாப்பிடுகிறவர். நம் ஆட்களுக்கு இந்த நாட்டில் ஒரு தைரியம் உண்டு. லிஃப்டிலும் கடையிலும் பக்கத்தில் நிற்பவனைப் பற்றியே உரக்கப் பேசலாம், யாருக்குப் புரியப்போகிறது என்று. அந்தத் தைரியத்தில் பேசியிருக்கிறார்கள். மைக்குக்குப் பாஷை தெரியவேண்டியதில்லை என்பது இரண்டு என்ஜினியர்களுக்கும் தோன்றவில்லை.

ஒரு வார்த்தை மட்டும் காதில் உறுத்தியது. மாமனார். குரல் இருக்கிற இடத்தை ஏற்றி, கிடாரை இறக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

"மாமனாருக்கு ரொம்ப சீரியஸ் மச்சான். நேத்து ஆபீசுக்கு ஃபோன் வந்துது."

"அக்காவுக்குச் சொன்னனியே?"

"நாளைக்குச் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா டிக்கெட், ஏர்போர்ட்டுன்னு ஓடணும். இந்தக் கச்சேரியை விட்டா இவரை மறுபடி எப்ப பார்க்கறது?"

"பிழையடாப்பா" என்றார் நண்பர். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கை தட்டினார்கள்.

அவருடைய டேப்பில் அந்த இடம் கேசட் திருப்பியதால் போகவில்லை. அந்த ஞாயிறு காலையில் வேலை என்று போன ஆபீசில் உட்கார்ந்து கேட்டு, தன் குரலை அவரே அழித்திருக்கிறார். பிறகுதான் எனக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். வருஷம் ஒன்று போனதில் அதை அவரே மறந்தும்விட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். நண்பரும் வந்திருந்தார். பஜ்ஜி போடவில்லை. இரைச்சலை எடுத்தேன், வேகத்தைச் சரி செய்தேன், ஒட்டு தெரியாமல் அந்தப் பாட்டைச் சேர்த்தேன். பேச்சை மட்டும் விட்டுவைத்தேன், கிடாரைவிடத் தெளிவாக. அது ஓட ஆரம்பித்ததும் நண்பர் குனிந்து ஷூவைப் பார்த்தார். என் கணவர் டெக்கை நிறுத்தக் கை நீட்டினார். குடுமிக்காரர் அவர் கையைத் தட்டிவிட்டு, "இவர்கள்தான், இவர்கள்தான்" என்றார். என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றேன். என்ன சொல்கிறான் என்று கேட்டார். வார்த்தை பிசகாமல் இங்கிலீஷில் சொன்னேன். மாமனார் யார், அவர் பெண் யார் என்பதையும் சொன்னேன்.

குடுமிக்காரர் என்னிடம் வருத்தம் சொன்னார். அப்புறம் ரொம்பத் தயங்கி, பேச்சில்லாத டேப் வேறு யாரிடமாவது இருக்குமா என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், வந்ததே அதற்குத்தான். நண்பர் போகும்போது, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றார். மன்னிக்கவில்லை. வீட்டில் சோறு போட்டவளிடம் ஒரு ஃபோன் பண்ணிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எல்லோரும் போன பிறகு இவருக்குக் கோபம் வந்தது.

"எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கணுமா? அன்னிக்கே சொல்லியிருந்தாலும் டிக்கெட் கிடைச்சிருக்காது."

"கேட்டுப் பார்த்தீங்களா?" என்றேன்.

அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். நான் திருச்சிக்குக் கால் போட்டேன். நானாக நேரே போட்ட முதல் கால் அது. அண்ணனிடம், போன வருஷம் அப்பா படுத்தது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும் என்றேன்.

"வெள்ளிக்கிழமையே மாப்பிள்ளைகிட்ட சொன்னேனே. உடனே அனுப்பறேன்னு சொன்னார். நாங்க அப்பாகிட்ட நீ ஃப்ளைட் ஏறிட்டேன்னு சொல்லிட்டோம். கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்மா" என்றான்.